தாட்சாயணி அக்கா திரும்பி வந்த காரணம்

"தலைய ஆட்டாதீய" என்று ஆவுடை சொன்ன பிறகுதான் குற்றாலிங்கத்துக்குத் தலையை ஆட்டியே ஆகவேண்டும் போலிருந்தது. அதுவரை சும்மா கிடந்த கழுத்து அது. கொல்லைப்புறத்தில் துவைகல்லுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, தோளில் பழைய துண்டைப் போர்த்தி, கறை பிடிக்காமலிருக்க நெற்றியிலும் காதுமடலிலும் தேங்காயெண்ணெய் தடவி, அவரை உட்கார்த்தி வைத்திருந்தாள். பின்னால் நின்றுகொண்டு தேய்ந்துபோன டூத் பிரஷ்ஷால் டையைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் பதினைந்து வருஷமாக மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற காரியம்தான். புதன்கிழமை அவள் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம் என்பதால் இந்த மாதம் ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டது. மணி ஐந்தரை. ஆறரைக்கு சீரியல். அதற்குள் அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அவள் பின்னால் நிற்கிறாள், முகம் தெரியாது, கண்ணைப் பார்க்க வேண்டாம், இதைவிட வசதியான நேரம் ஒரு மனுஷனுக்கு வாய்க்காது, வாயைத் திறந்தால் போதும். குற்றாலிங்கம் வாயைத் திறந்தார். "காதோரம் அரிக்குது" என்றார். ஆவுடை பிரஷ்ஷின் அடிக்கட்டையால் சொறிந்துவிட்டாள். "இங்கனயா?" "இன்னும் கொஞ்சம் மேல." உண்மையில் அங்கே அரிக்கவேயில்லை. அவள் சொறிந்த பிறகு அரித்தது.

கொலைக்குற்றம் ஒன்றுமில்லை, ஒரு கதை எழுதினார், அவ்வளவுதான் என்று இரண்டு நாளாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்குத் தொடங்கப்போகிற 'தாட்சாயணி' சீரியலை எழுதியது யார் என்று கேட்டால் 'கதை: தாட்சாயணி அக்கா' என்று டிவியில் போடுவார்கள். அப்படி ஒரு அக்கா உலகத்தில் கிடையாது. நாலு பேர்தான் இருக்கிறார்கள், நாலு பேரும் ஒருத்தரையொருத்தர் நேரில் பார்த்ததில்லை, அதில் ஒருத்தர் பாளையங்கோட்டையில் மின்வாரியத்தில் ஃபோர்மேன், இந்தா தலையில் டையோடு உட்கார்ந்திருக்கிறார். கொரோனா அடைப்பில் புகார் மேஜையில் போனும் வராமல் ஆளும் வராமல் ஒரு மத்தியானம் பேஸ்புக்கில் மீன்குழம்பு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்த வினை. அந்த வீடியோவுக்குக் கீழே யாரோ காரைக்குடிக்காரர், எங்க தாட்சாயணி அக்கா இதைப் பாத்தா சட்டியைத் தூக்கி வெளியே போட்ருவா என்று எழுதியிருந்தார். யார் அந்த அக்கா என்று ஒருத்தர் கேட்க, வேலூரிலிருந்து ஒரு காலேஜ் வாத்தியார், தெரியாதா, ரசத்தில் பெருங்காயம் இல்லையென்று சம்பந்தி வீட்டையே பந்தியிலிருந்து எழுப்பினவங்களாச்சே என்றார். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிற பெண் ஒன்று, பாவம் அக்காவுக்கு இப்ப முழங்கால் வலி, மாடி ஏறுறதில்ல என்றது. குற்றாலிங்கத்துக்குக் கை சும்மா இருக்கவில்லை. அக்கா வீட்டு மீட்டரை நான்தான் மாத்திக் கொடுத்தேன், காபி கொடுத்தாங்க, சீனி மட்டும் கம்மி என்று எழுதிவிட்டார். சாயங்காலத்துக்குள் முந்நூறு பேர் சிரித்திருந்தார்கள். வாழ்க்கையில் அவர் சொன்ன எதற்கும் முந்நூறு பேர் சிரித்ததில்லை, மூன்று பேர் சிரித்தாலே ஆச்சரியம், அதிலும் ஒருத்தி ஆவுடையாக இருப்பாள். பிறகு அக்காவுக்குத் தனியாக ஒரு பக்கம், வாரத்துக்கு ஒரு கதை, ஒரு லட்சம் பேர். நாலு பேருக்கும் ஊர்தான் பெயர். காரைக்குடி, வேலூர், மஸ்கட், பாளை. மாத்திரை டப்பா மாதிரி போனை எப்போதும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடிக்கொருதரம் எடுத்துப் பார்க்கிறாரே என்று ஆவுடை கேட்டதற்கு, யூனியன் வேலை என்று சொன்னார். ஆறு வருஷமாக அது யூனியன் வேலையாகவே இருக்கிறது.

யூனியன் என்றாலும் தப்பில்லைதான், சட்டமெல்லாம் உண்டு. ஒருத்தர் எழுதினால் இன்னொருத்தர் அதில் ஒரே ஒரு இடத்தை மாற்றியே ஆகவேண்டும். நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டும். அதற்கு உப்புப் போடுவது என்று பெயர். உப்புப் போட்ட பிறகு அதை எழுதினவர் தொடக் கூடாது, ஏன் போட்டாய் என்று கேட்கவும் கூடாது. இது என்னுடையது என்று நாலு பேரில் எவரும் மார்தட்டக் கூடாதென்று வேலூர் வாத்தியார் கொண்டுவந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு என்று அன்றைக்குக் குற்றாலிங்கமும் கை தூக்கினார். தூக்கின கையை இப்போது என்ன செய்வது. "கையக் கீழ போடுங்க, டை பட்டுரும்" என்றாள் ஆவுடை. அவர் நிஜமாகவே கையைத் தூக்கியிருந்தார்.

இன்றைக்கு வரப்போகிற அந்தக் கதை மட்டும் அவராக யோசித்தது இல்லை. கொரோனாவுக்கு முந்தின ஐப்பசி, நல்ல மழை, தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்து ஃபோர்மேன் வீடே இருட்டில் கிடந்த ஒரு சாயங்காலம். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து நக்கலாகக் கேட்டுவிட்டுப் போனார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஆவுடை, கேஸ் தீரப்போகிறது என்று சொல்கிற அதே குரலில், "ஒரு நா உங்கள விட்டுட்டுப் போயிரலாம்னு ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன், கேட்டியளா" என்றாள். கல்யாணமாகி மூன்றாம் வருஷம், தை மாசம். ராஜபாளையத்தில் அக்கா வீட்டுக்கு. பையோடு போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். நாலு ராஜபாளையம் பஸ் வந்து நின்று போயிற்று. ஏறவில்லை. ஒரு கட்டு பனங்கிழங்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். "அவ்ளோதான்" என்று பூண்டுத்தோலை ஊதினாள். அதற்கு அவர் என்ன சொன்னார்? "ஓஹோ" என்றார். பெண்டாட்டி தன்னை விட்டுப் போகப்பார்த்த கதையை இருபது வருஷத்துக்கு மேல் கழித்துச் சொல்கிறாள், ஒரு ஆம்பளை அதற்கு ஓஹோ என்கிறான். அந்த ஓஹோவை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. வேறு ஏதாவது சொல்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது, அவள் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு மோட்டார் போடப் போய்விட்டாள். மின்வாரியத்துக்காரர்கள் என்றைக்காவது தாமதமாக வேலை செய்திருக்க வேண்டுமென்றால் அன்றைக்குத்தான். அதன் பிறகு பல நாள் அந்தத் தை மாசத்தை அவர் தேடியிருக்கிறார். தை என்றால் எல்லா வருஷமும் வீட்டில் பனங்கிழங்கு அவிக்கிறதுதான். எந்தப் பனங்கிழங்கு? ஒருநாள் வேலை முடிந்து வந்து, தட்டில் வைத்ததைக் கடித்து, "என்னட்டி ஒரே நாரா இருக்கு" என்று தள்ளிவைத்த ஞாபகம் இருக்கிறது. அது அந்த நாளாக இருந்துவிடக் கூடாதே என்று இருக்கும். அந்த நாளாகத்தான் இருக்கும் என்றும் இருக்கும்.

அவளிடம் கேட்டிருக்கலாம். ஒரே வீடு, ஒரே கட்டில், காலையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். ஏன் திரும்பி வந்தே என்று நாலு வார்த்தை கேட்கிறதற்கு வாய் வராமல், ஒரு லட்சம் பேர் படிக்கிற இடத்தில் போய் எழுதினார். யாருக்கும் தெரியாதபடிக்குத்தான் எழுதினார். நாலு பஸ்ஸை மூன்றாக்கினார். சேலை நிறத்தை மாற்றினார். பஸ் ஸ்டாண்டு எல்லா ஊரிலும்தான் இருக்கிறது என்று அதை மட்டும் விட்டுவிட்டார். பனங்கிழங்குதான் ஆபத்து என்று அதற்குப் பதிலாகத் தாட்சாயணி அக்கா இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கினாள் என்று போட்டார். அக்கா எதற்காகத் திரும்பி வந்தாள் என்பதை அவராகவே கண்டுபிடித்தார்: மழை வரும்போலிருந்தது, புருஷன் சாவி எடுக்காமல் வேலைக்குப் போயிருந்தார், பூட்டின கதவுக்கு வெளியே நனைந்துகொண்டு நிற்பாரே என்று நினைத்தாள், மூன்றாவது பஸ்ஸையும் விட்டுவிட்டு எழுந்தாள். அந்த இடத்தை எழுதும்போது குற்றாலிங்கத்துக்கே கண் கலங்கிவிட்டது. தனக்காக ஒருத்தி எழுந்து வருகிறாள் என்பதை எழுத எழுத நன்றாக இருந்தது. அப்புறம் உப்பு. வரிசைப்படி மஸ்கட்டின் முறை. அது பனங்காட்டுத் திசையன்விளைப் பக்கத்துப் பிள்ளை என்று அவருக்கு எப்படித் தெரியும்? "பாளை அண்ணாச்சி, கோவிச்சிட்டுப் போற பொம்பள பூவா வாங்குவா? ஒரு கட்டு பனங்கிழங்கு வாங்கட்டும்" என்று எழுதி, மல்லிகையை எடுத்துவிட்டுப் பனங்கிழங்கை வைத்துவிட்டது. கொல்லைப்புறமாக ஒளித்துவைத்ததை வாசல் வழியாக எடுத்துவந்து கையில் கொடுத்த மாதிரி. எடுத்துவிடு தாயே என்று கெஞ்ச விரல் போயிற்று. கேட்கக் கூடாது, அதுதான் சட்டம். கேட்டால் ஏன் என்பார்கள், ஏன் என்றால் என்ன சொல்வது? சரி, ஆவுடை பேஸ்புக் பக்கமே வரமாட்டாள், அந்தக் கருமாந்தரம் நமக்கு வேண்டாம் என்பவள், என்று விட்டுவிட்டார். மற்ற கதையெல்லாம் ஐயாயிரம் பேருக்குப் போனால் இது ரெண்டு லட்சம் பேருக்குப் போயிற்று. சென்னைக் கம்பெனிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் ஆளையே தேடி வந்தார்கள். முதல் நாளே இதுதான் என்றும் முடிவு செய்துவிட்டார்கள்.

"ஆச்சு. அரைமணி நேரம் எதையும் தொடாம இருங்க" என்று சொல்லிவிட்டு ஆவுடை உள்ளே போனாள். அடுக்களையில் பாத்திரம் உருளுகிற சத்தம், பருப்புக்குக் குக்கர் வைக்கிற சத்தம், அதற்கு நடுவில் ஏதோ பாட்டு முனகுகிறாள், வெள்ளிக்கிழமையிலிருந்தே ஒரு சந்தோஷத்தில் இருக்கிறாள். டிவியில் அந்த சீரியல் விளம்பரம் வந்தபோது கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள். ஒரு பெண் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருக்கிறாள், பஸ் ஒன்று போகிறது, அவ்வளவுதான் காட்டினார்கள். "இந்தப் புள்ள நல்லா நடிக்கும்போல, முகத்தப் பாத்தாலே தெரியுது. திங்கக்கிழமை ஆறர மணிக்கு ஞாபகப்படுத்துங்க" என்றாள். அவரிடமே சொன்னாள். கம்பெனிக்காரர்கள் முதல் நாள் கதையை நாலு பேருக்கும் முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். செக்‌ஷன் ஆபீஸ் வாசலில் வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்று, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பார்த்தார். அந்தப் பெண்ணின் மடியில் பனங்கிழங்குக் கட்டு. கேமரா பஸ்ஸைக் காட்டுகிறது, கட்டைக் காட்டுகிறது, முகத்தைக் காட்டுகிறது, மறுபடியும் கட்டைக் காட்டுகிறது. எத்தனை தடவை காட்டுவார்கள்? சேலை நிறமோ பஸ் எண்ணிக்கையோ ஆவுடைக்குக் கணக்கில்லை, அந்தக் கட்டைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்வாள். அவள் தன் தாயிடமும் அக்காவிடமும்கூடச் சொல்லாதது அது. அவர் ஒருத்தரிடம்தான் சொன்னாள், அதுவும் வெளிச்சம் இருந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டாள். கோபப்படுவாள், சத்தம் போடுவாள், நாலு நாள் பேசமாட்டாள், அதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். பயம் வேறே. இனிமேல் அவள் எதையுமே அவரிடம் சொல்லமாட்டாள். கேஸ் தீர்ந்ததைச் சொல்வாள், பால்காரன் வராததைச் சொல்வாள். பூண்டு உரித்துக்கொண்டே தன்னைச் சொல்கிற அந்தக் குரல் மட்டும் போய்விடும். போனால் அவருக்கு வேறே யார் இருக்கிறார்கள்? ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள், அதில் ஒருத்தருக்காவது அவர் பெயர் தெரியுமா?

நெற்றியில் ஒரு சொட்டு இறங்கியது. துடைக்கக் கூடாது. அது எண்ணெயில் வழுக்கிக்கொண்டு புருவத்துக்கு வந்து அங்கே யோசித்துக்கொண்டு நின்றது. டையின் காரம் மூக்கில் ஏறித் தும்மல் வருகிறமாதிரி வந்து வராமலே போயிற்று. சப்ஸ்டேஷனில் இருக்கிற மாரியப்பனைக் கூப்பிட்டு ஆறரையிலிருந்து ஏழு மணிவரை வீட்டுப் பக்கம் வருகிற லைனை மட்டும் நிறுத்தச் சொல்லலாமா என்றுகூட இன்று காலையில் யோசித்தார். போனில் பெயரை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழாயிரம் வீடு இருட்டாகும், எந்த வீட்டில் பிள்ளை படிக்கிறதோ, எந்த வீட்டில் மூச்சுத்திணறலுக்கு மெஷின் ஓடுகிறதோ, ஒரு மனுஷன் பெண்டாட்டிக்குப் பயந்து ஏழாயிரம் வீட்டை அணைப்பானா? அதோடு நாளைக் காலை பதினொரு மணிக்கு மறுபடியும் போடுவார்கள். நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. சட்டைப்பையில் போன் துடித்துக்கொண்டேயிருக்கிறது, சட்டை கொடியில் தொங்குகிறது, எடுக்க முடியாது, எடுக்காமலே என்ன எழுதியிருப்பார்கள் என்று தெரியும். காரைக்குடி மருந்துக்கடைக்காரர் கடைக்கே டிவி கொண்டுவந்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். மஸ்கட் காலையிலேயே, "இன்னைக்கு நம்ம அக்கா எல்லார் வீட்டுக்கும் போறா" என்று எழுதி அழுகிற பொம்மை போட்டிருந்தது. பாசமான பிள்ளை. அதற்கு என்ன தெரியும்? மூன்று பேர்மேலும் ஒரு குறையுமில்லை, அவர்களோடு இருந்த ஆறு வருஷமும் நன்றாகத்தான் இருந்தது, அக்காவையும் அவருக்குப் பிடிக்கும். முழங்கால் வலியோடு, வாய்த்துடுக்கோடு, யாருக்கும் பயப்படாத அக்கா. ரேஷன் கடை வரிசையில் ஒருதடவை இரண்டு பெண்கள், தாட்சாயணி அக்கா சொல்றதுதான்க்கா சரி என்று பேசிக்கொண்டிருந்தார்கள், பின்னால் சாக்குப்பையோடு நின்ற குற்றாலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து ஆவுடையிடம் சொல்லத் துடித்தது. சீனி எத்தனை கிலோ போட்டான் என்று மட்டும் சொன்னார். அக்காவின் துடுக்கெல்லாம் யாருடையது? முதல் வருஷத்திலிருந்து அவர் எழுதின ஒவ்வொன்றிலும் அக்கா பேசுகிற பேச்சு யார் வாயிலிருந்து வந்தது? இத்தனை நாளும் அவர் யோசித்துக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். "குக்கர் விசில எண்ணச் சொன்னேன்லா, எண்ணினீயளா?" என்று உள்ளிருந்து அக்கா கேட்டாள், இல்லை, ஆவுடை கேட்டாள். அவர் எண்ணவில்லை. "ரெண்டு" என்று சொல்லிவைத்தார்.

சொட்டு ஒருவழியாகக் கன்னத்துக்கு வந்துவிட்டது. அவள் வருகிற காலடிச் சத்தம் கேட்டது. வாளியை எடுத்துக் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டாள், தண்ணீர் சடசடவென்று விழுந்தது. "குனிங்க, மணி ஆறர ஆகப்போவுது. தொடக்கத்தப் பாக்காட்டி ஒண்ணும் வெளங்காது." குற்றாலிங்கம் குனிந்தார். இப்போது அவருக்குத் தெரிவது சிமெண்ட்டுத் தரையும் அவளுடைய இரண்டு பாதங்களும்தான். இடது கால் பெருவிரலில் நகம் கொஞ்சம் உடைந்திருந்தது. அந்தப் பாதங்களைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஏட்டி, இன்னைக்கு வாரதுல… அது நாங்க எழுதுனது. யூனியன் இல்ல. நாலு பேரு சேந்து பேர் போடாம எழுதுதோம், ஆறு வருஷமா. முதநாள் கத நான் எழுதுனது. நீ சொன்னது அது. பஸ் ஸ்டாண்டு."

தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. பாதங்கள் நகரவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றப்படவுமில்லை.

"ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டா" என்றாள்.

"ஆமா."

"பனங்கிழங்குமா?"

"அத நான் போடல. நான் மல்லியப்பூன்னுதான் போட்டேன். மஸ்கட்டுல ஒரு பிள்ள, அது தெரியாம மாத்திட்டு. மாத்துனத நாம தொடக் கூடாது, அப்படி ஒரு ஏற்பாடு." சொல்லச் சொல்ல எவ்வளவு கேவலமாக இருக்கிறதென்று அவருக்கே கேட்டது. "தப்புதான். உன்கிட்டக் கேக்காமச் செஞ்சது தப்பு."

ஒரு மக் தண்ணீர் பிடரியில் விழுந்தது. ஜில்லென்றிருந்தது. கருப்புத் தண்ணீர் மூக்கு நுனியிலிருந்து தரைக்குப் போயிற்று. அவள் விரல்கள் தலைமுடிக்குள் நுழைந்து தேய்த்தன, எப்போதும் போலத்தான் தேய்த்தன, கொஞ்சம் அழுத்தமாகவோ என்று சந்தேகமாக இருந்தது.

"உங்க கதையில அவ எதுக்குத் திரும்பி வாரா?"

"புருஷன் சாவி எடுக்காமப் போயிட்டான். மழையில நனைவானேன்னு."

ஆவுடை மூக்கால் சிரித்தாள். "நம்மகிட்ட ரெண்டு சாவில்லா இருந்துது."

"தெரியும்."

"எதுக்குப் போறா?"

குற்றாலிங்கத்துக்கு முதலில் கேள்வி புரியவில்லை. பிறகு கதையை ஆரம்பத்திலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். தாட்சாயணி அக்கா பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அதுதான் முதல் வரி. அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. வீடு இல்லை, காலை இல்லை, பையில் துணியை எடுத்துவைக்கிற கை இல்லை. அவர் எழுதவில்லை, மஸ்கட் கேட்கவில்லை, கம்பெனிக்காரர்கள் கேட்கவில்லை. அத்தனை வருஷம் ஏன் திரும்பி வந்தாள், ஏன் திரும்பி வந்தாள் என்றே குடைந்துகொண்டிருந்தவருக்கு, அவள் எதற்காகப் போனாள் என்பது ஒருநாளும் கேள்வியாக வந்ததில்லை.

"எழுதல" என்றார்.

"ஏன்?"

"நீ சொல்லலியே."

"நீங்க கேக்கலியே."

இன்னொரு மக் விழுந்தது. கண்ணுக்குள் டை போய் எரிந்தது, எரிச்சலா மற்றதா என்று தெரியாமல் கண்ணீர் வந்தது. உள்ளே டிவியில் புதிதாக ஒரு பாட்டு, பெண் குரல், பெரிய மேளதாளத்தோடு தொடங்கியது. தாட்சாயணி, தாட்சாயணி என்று பாடினார்கள்.

"ஆரம்பிச்சிட்டு" என்றார் அவர். "நீ போய்ப் பாரு. நான் கழுவிக்கிடுதேன்."

"அது கெடக்கட்டும்."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, குனிந்த வாக்கிலேயே கேட்டார். "எதுக்குட்டி போன?"

துவைகல்லில் அவள் உட்காருகிற சத்தம் கேட்டது. ஈரக் கையைச் சேலையில் துடைக்கிற சத்தம். "அன்னைக்குக் காலையில" என்று தொடங்கினாள். நிறைந்த வாளியின்மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் அடுத்த வார்த்தை சரியாகக் காதில் விழவில்லை. குற்றாலிங்கம் கண்ணைத் திறக்காமல் கையை நீட்டி, சுவரைத் தடவி, குழாயைத் தேடிப் பிடித்து இறுக்கி மூடினார்.